கதவுக்குத் தெரியாத வார்த்தை

என் அக்கா புருஷன் ராஜபாண்டியின் வீட்டுக் கதவுக்கு இரண்டே வார்த்தைதான் தெரியும். அவர் குரலில் ‘வாங்க’ என்றால் திறக்கும். யார் குரலிலாவது ‘வாரேன்’ என்றால் பூட்டிக்கொள்ளும். சமயநல்லூரில் எங்கள் தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நானும் சிரித்தவன்தான். சிரித்ததற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“வீட்டுக்கு வந்தவுகள வாங்கன்னு கூப்புடுறது யாரு வேல மாப்ள? வீட்டுக்காரன் வேல. அந்த வேலையத்தான் நான் பாக்குறேன். இதுல உனக்கு என்ன இளிப்பு?” என்றார்.

அந்தக் கதவு வழியாக ஊரே போய் வந்தது. ஒரே ஒருவர் மட்டும் வரவில்லை. அவர் பேயாண்டி, மாமாவின் கூடப்பிறந்த அண்ணன். அவர் அந்த வாசலில் வந்து நின்ற நாளைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் மாமா எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லியாக வேண்டும். என் கடைக்கு வருகிறவர்கள் என்னை அவசரக்காரன், மூக்குக்கு மேல் கோபம் வருகிறவன் என்பார்கள். முத்துக்குமரன் கடையில் பேரம் பேசினால் பொருளைப் பிடுங்கி உள்ளே வைத்துவிடுவான் என்றும் பேச்சு உண்டு. இதை மட்டும் நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் கேபிள் டிவி தொழில். பேயாண்டி மாமா ஆபீசில் உட்காருவார், ராஜபாண்டி மாமா கம்பத்தில் ஏறுவார். அந்தப் பக்கம் பரவை, இந்தப் பக்கம் தேனூர் என்று வயலையும் தெருவையும் தாண்டி லைன் இழுத்தது முழுக்க அவர்தான். அப்புறம் கேபிள் போய் ஃபைபர் வந்தது, வீட்டுக்கு வீடு வைஃபை பெட்டி வந்தது. அதற்கும் அவர்தான் ஏறினார். எந்த வீட்டு மொட்டை மாடிக்கு எந்தப் பக்கம் ஏணி, எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமல் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

வயதில் நல்ல வித்தியாசம் இருந்தும் இரண்டு பேரும் வா, போ என்றுதான் பேசிக்கொள்வார்கள். ‘வாண்ணே, இந்தாண்ணே, நீ சும்மா இருண்ணே’ என்பதுதான் மாமாவின் வாய். நாலு பேர் முன்னால் மரியாதைக்காக எப்போதாவது ‘ங்க’ போட்டுவிட்டால் பேயாண்டி மாமாவுக்கு முகம் மாறிவிடும். “ங்க போட்டுக் கூப்புட நான் என்னடா உனக்குச் சம்மந்தியா?” என்பார்.

ஓர் ஆடிக் காற்றில் கம்பத்தில் ஏறிய மாமா கீழே விழுந்தார். முதுகெலும்பில் அடி. உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கட்டிலுக்கு அடியில் துண்டை விரித்துப் போட்டுக்கொண்டு பேயாண்டி மாமாதான் கிடந்தார். தூக்கினார், துடைத்தார், அழுதார். அதையெல்லாம் நான் மறுக்க மாட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பாசம் கொஞ்சம்கூடக் குறையவில்லை, சிக்கலே அதில்தான் வந்தது.

தினமும் காலையில் வருவார். அவரிடம் ஒரு சாவி இருந்தது. அவரே திறப்பார், அவரே ஃபேனைப் போடுவார். யார் பார்க்க வந்தாலும் அவரே வாசலில் நின்று, “அவனால எந்திரிக்க முடியாது, நீங்க நேரா உள்ள போங்க” என்று அனுப்புவார். வந்தவர்கள் கட்டில் தலைமாட்டில் நின்றுகொண்டு மாமாவிடம், “எந்திரிக்காதப்பா, எந்திரிக்காத” என்பார்கள். எழுந்திருக்க முடியாத மனுஷனிடம் எழுந்திருக்காதே என்று சொல்ல இவர்களுக்கு எப்படித்தான் வாய் வருகிறதோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமா சிரித்து வைப்பார். என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார்: “கால் போனதுகூட சரி மாப்ள. என் வீட்டு வாசலுக்கு வந்தவனப் பாத்து வாங்கன்னு சொல்ல முடியலையே, அதுதான் மனசு ஆறல.”

பிறகு ஒரு தேனூர்க்காரர் லைன் விஷயமாக மாமாவைத் தேடி வந்தார். வாசலில் நின்ற பேயாண்டி மாமா, “அவன் கதை முடிஞ்சு போச்சுய்யா. எதுன்னாலும் இனிமே எங்கிட்டச் சொல்லு” என்றார். வேலையைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் சொன்ன விதம் அப்படி. அது கட்டில் வரைக்கும் கேட்டுவிட்டது.

“என் கதைய முடிக்க நீ யாருண்ணே?” என்று உள்ளேயிருந்து மாமா கத்தினார்.

“உன் நல்லதுக்குத்தானடா நான் நாயா ஓடுறேன்.”

“ஓட வேணாம். சாவிய வச்சுட்டுப் போ. இனிமே நான் கதவத் தொறந்து வான்னு சொன்னாத்தான் நீ இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கணும்.”

பேயாண்டி மாமா சாவியை டிவி மேஜை மேல் வைத்தார். “சரிடா. நீயே கதவத் தொற. உன் வாயால வான்னு சொல்லு. அன்னைக்கு வந்து உன் வீட்டுல சோறு திங்கிறேன். இப்பப் போறேன்” என்றார்.

எங்கள் பக்கம் ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாரும் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டோம். ஒரேயடியாகப் போவதற்குத்தான் அந்த வார்த்தை. கிளம்புகிறவன் ‘வாரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து, “பெரியத்தான், வாரேன்னு சொல்லிட்டுப் போங்க, உங்களக் கும்புட்டுக் கேக்குறேன்” என்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணனும் தம்பியும் சொன்ன சொல்லைத் தின்று செரிக்கிற ஆட்கள் கிடையாது. அன்றைக்குப் பூட்டிய பேச்சு பூட்டியதுதான்.

படுத்துக் கிடந்த மாமா அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். சக்கர நாற்காலி வந்தது. எனக்கு மெயின் ரோட்டில் எலக்ட்ரிக்கல் கடை. கேமரா, வைஃபையில் ஓடும் பல்பு, போனிலிருந்தே தோட்டத்து மோட்டாரைப் போடுகிற சுவிட்ச் எல்லாம் விற்பேன். வாங்கிப் போனவர்கள் மறுநாளே போன் போட்டு, “இது ஓடலையே” என்பார்கள். இரண்டாவது கேள்விக்கே என் குரல் ஏறிவிடும். அந்தப் போனை மாமா கையில் கொடுத்தேன். என் கடை பிழைத்தது அன்றைக்குத்தான்.

வீட்டில் உட்கார்ந்தபடியே ஊர் முழுக்க வைஃபையைச் சரி செய்தார். முதலில் எல்லாரையும் ஒரு திட்டு திட்டுவார். “பெட்டிய எங்க வச்சிருக்க? பீரோவுக்குப் பின்னாடியா? அது என்ன உங்க வீட்டு நகையா, ஒளிச்சு வைக்க? நடு வீட்டுல, கண்ணுக்குத் தெரியுற மாதிரி வையி.” செல்லூரில் ஒரு தறிக்காரர் தன் வாசலுக்குக் கேமரா வாங்கிப் போனார். அங்கே சந்து அவ்வளவு குறுகல், கேமராவில் எதிர்வீட்டு அடுப்படிதான் தெரிந்தது. இரண்டு வீட்டுக்கும் சண்டை வந்து, கேமராவைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெருவே கூடிவிட்டது. மாமா வீடியோ காலில் வந்து, முதலில் எதிர்வீட்டு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கேமராவைத் தலைகுனிய வைத்தார். “உன் வாசப்படியும் உன் செருப்பும் தெரிஞ்சாப் போதும். அடுத்தவுக குழம்பு உனக்கெதுக்கு?” என்றார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் பரவையிலிருந்து ஒரு பெண் பேசியது எனக்கு இன்னும் சிரிப்பு. நானும் பக்கத்தில் இருந்தேன்.

“பெட்டியில என்ன லைட்டு எரியுதுத்தா?” என்றார் மாமா.

“எல்லாம் செவப்பாத்தாண்ணே எரியுது. அமத்தி அமத்திப் போடுறேன், மாறவே மாட்டேங்குது.”

“எல்லாமேவா செவப்பு?”

“அம்புட்டும் செவப்புண்ணே.”

மாமா கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். “நேத்து பெட்டிக்குப் பொட்டு வச்சியா?”

அந்தப் பெண் மெதுவாக, “மிக்சி, டிவி எல்லாத்துக்கும் வச்சோம். இதுக்கு மட்டும் வைக்காம விட்டா நல்லாருக்காதுன்னு குங்குமம் வச்சேன்” என்றது.

“வச்சது சரி. லைட்டு மேல வைக்காத. தொடச்சு விட்டுட்டு நெத்தியில வையி, பெட்டியோட நெத்தி மேல் பக்கம் இருக்கு” என்றார். துடைத்ததும் எல்லாம் பச்சையாகிவிட்டது. பெட்டியில் கோளாறே இல்லை, சிவப்பைப் பார்த்துப் பயந்து அணைத்து அணைத்துப் போட்டதால்தான் நெட் வரவில்லை.

இப்படிப் பெயர் பரவ, பொருளை வாங்குவதற்கு முன்னால் மாமாவிடம் கேட்டுப் போகலாம் என்று ஆட்கள் வீட்டுக்கே வர ஆரம்பித்தார்கள். அக்கா பால்வாடியில் வேலைக்குப் போய்விடுவாள். கதவை யார் திறப்பது? அங்கேதான் மாமாவுக்கு அந்த யோசனை வந்தது.

கடையில் இருந்த பேசுகிற ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அதற்கு ஒரு பெண் பெயர். முதலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் நாம் சொல்வதைக் கேட்கும். மாமா ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார். “வந்தவுகள வாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி எவளோ ஒருத்தி பேரச் சொல்லணுமாம். உங்கக்கா சும்மா இருப்பாளா?” என்றார். பிறகு அவரே வீடியோக்களைப் பார்த்து, பாகங்களை வரவழைத்து, செருப்பு அட்டைப் பெட்டி அளவில் ஒன்றைச் செய்தார். மணி அடித்தால் அவர் குரலுக்காகக் காத்திருக்கும். மணி அடிக்காவிட்டாலும் அவர் ‘வாங்க’ என்றால் வைஃபை வழியாகக் கதவுப் பூட்டுக்குச் சேதி போய்த் திறக்கும்; ‘வாங்கன்னு’ என்று பேச்சோடு பேச்சாக வந்தால் கண்டுகொள்ளாது. வெளியே ஒரு குட்டி ஸ்பீக்கர், அவர் சொல்வது வாசலில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி. அந்தப் பெட்டிக்கு ஒரு வார்த்தையைப் பழக்குவது லேசு இல்லை. “இன்னொரு முறை சொல்லவும், இன்னொரு முறை சொல்லவும்” என்று அது ஒரு பெண் குரலில் விடாமல் கேட்கும். அவரும் சளைக்காமல் சொல்வார்.

முதல் நாள் டிவி சீரியலில் யாரோ “வாங்க வாங்க” என்று சொல்ல, கதவு திறந்து எதிர்வீட்டு ஆடு உள்ளே வந்து அக்கா நனைத்து வைத்த அரிசியைத் தின்றது. அதற்குப் பிறகுதான் தன் குரலுக்கு மட்டும் திறக்கும்படி மாற்றினார். ‘வாரேன்’ மட்டும் யார் சொன்னாலும் பூட்டும். அதிலும் ஒரு வில்லங்கம். எங்கள் ஊரில் வாரேன் என்று எழுந்தவன் உடனே போக மாட்டான், வாசலில் நின்று இன்னொரு கதை பேசுவான். பேசி முடிப்பதற்குள் பூட்டிக்கொள்ளும். உள்ளேயிருந்து கையால் திருகித் திறக்க மேலே ஒரு குமிழ் உண்டு. நிற்கிற ஆளுக்கு எட்டும், சக்கர நாற்காலிக்கு எட்டாது. “அதக் கீழ எறக்கி வைங்க மாமா” என்றால், “எதுக்கு? அதான் என் வாய் எட்டுதுல்ல” என்பார்.

முதல் ஆளை அப்படி வரவேற்ற நாளில் நான் கூட இருந்தேன். தேனூர்க்காரர் ஒருவர் மணி அடித்தார். மாமா நாற்காலியில் நிமிர்ந்து, “வாங்க” என்றார். கதவு திறந்தது. வந்தவர் திகைத்துப்போய் நின்றார். மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே, மாப்பிள்ளைக் களை.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டிக்கு நெட் வந்ததெல்லாம் அண்ணன் லைனில்தான். வேறு கம்பெனி லைன் மாற்றிவிடலாமே என்று கேட்டேன். “எதுக்கு மாத்தணும்? அது நான் இழுத்த லைன். அறுக்கச் சொல்லு பாப்போம்” என்றார். அண்ணனும் அறுக்கவில்லை. கரும்பு லாரி எப்போதாவது வயரைக் கிழித்துக்கொண்டு போனால், ஊருக்கெல்லாம் மறுநாள்தான் ஆள் வரும், எங்கள் தெருவுக்கு அன்றைக்கே வந்துவிடும். பேச்சு அறுந்து கிடந்தாலும் லைன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அப்போதுதான் பேயாண்டி மாமாவின் மகள் பவதாரிணிக்குக் கல்யாணம் கூடி வந்தது.

எங்களில் முதல் பத்திரிகை குலசாமிக்கு, அடுத்தது கூடப்பிறந்தவனுக்கு. புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய், வீட்டுக்குள் நின்று, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துத்தான் கொடுக்க வேண்டும். வாசலில் கொடுத்தால் அது அழைப்பில் சேராது. அழைப்பில்லாத கல்யாணத்துக்குப் போக முடியாது. கூடப்பிறந்தவன் ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை என்றால், அதற்குப் பிறகு நல்லது கெட்டது எதற்கும் இரண்டு வீடும் சேர முடியாது. ஒருத்தர் செத்தால் இன்னொருத்தர் தெருமுனையில்தான் நிற்க வேண்டும்.

பவதாரிணி போனில் பேசிப் பதிந்து மாமாவுக்கு அனுப்பியிருந்தது. “சித்தப்பா, அப்பா ஞாயித்துக்கெழம பத்திரிக வைக்க வாராரு. நீங்களே கதவத் தொறந்து வான்னு சொன்னாத்தான் உள்ள வருவாராம். இல்லேன்னா தட்ட வாசல்ல வச்சுட்டு வந்துருவாராம். நீங்க இல்லாம நான் மணவறையில உக்கார மாட்டேன், சொல்லிட்டேன்.”

மாமா அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டார். பிறகு அதற்குப் பதில் பேசினார். “கதவுதானத்தா? தொறக்கும்னு சொல்லு உங்கப்பன்ட்ட.”

அந்த வாரம் மாமா பூட்டைக் கழற்றி எண்ணெய் போட்டார். கரண்ட் போனாலும் வைஃபை நிற்கக்கூடாது என்று இன்வெர்ட்டருக்கு என்னைப் புது பேட்டரி மாட்ட வைத்தார். வாசல் ஸ்பீக்கரைத் துடைத்தார். “எதுக்கு மாமா இந்த வெளையாட்டு? அன்னைக்கு மட்டும் நான் பக்கத்துல நின்னு கையால தொறந்துருறேன்” என்றேன்.

“எவனும் கதவத் தொடக்கூடாது” என்றார். “எங்கண்ணன் என்ன சொன்னாரு? நீயே தொறன்னாரு. மாப்ள தொறந்தா அது நான் தொறந்த கதவாகுமா?”

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வாசல் தெளித்துக் கோலம் போட்டு, ஆட்டுக்கறி எடுத்துக் குழம்பும் வைத்துவிட்டாள். வந்தால் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. மாமா புது வேட்டி கட்டி, முன் அறையில் கதவைப் பார்த்து உட்கார்ந்தார். நான் ஓரமாக நின்றேன். கார் வந்து நின்றது. பேயாண்டி மாமாவும் அவர் மனைவி முனீஸ்வரியும் இறங்குவது கேமராவில் தெரிந்தது. பேயாண்டி மாமாவுக்குத் தலை நன்றாக நரைத்திருந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு வேட்டியை இழுத்துச் சரி செய்துகொண்டார்.

மணி அடித்தது.

“வாண்ணே” என்றார் மாமா.

கதவு அசையவில்லை.

“மன்னிக்கவும், புரியவில்லை” என்றது பெட்டி, வாசல் ஸ்பீக்கரிலும் சேர்த்து.

பேயாண்டி மாமா கதவைத் தள்ளிப் பார்த்தார். பூட்டியிருந்தது. மாமா இன்னும் சத்தமாக, “வாண்ணே, உள்ள வாண்ணே” என்றார்.

“மன்னிக்கவும், புரியவில்லை.”

“யார்றா அவ உள்ள, என்னையப் புரியலைங்கிறவ?” என்று வெளியே பேயாண்டி மாமாவின் குரல் ஏறியது. “வான்னும் சொல்லுறான், கதவையும் பூட்டி வச்சிருக்கான். இம்புட்டு வருசம் கழிச்சு என்னைய வாசல்ல நிக்கவச்சு வெளையாடுறானா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கதவுக்கு ‘வாங்க’ மட்டும்தான் தெரியும். வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் வாங்க. நான் ‘வாங்க மாப்ள’. தெருப் பிள்ளைகளைக்கூடக் கேலியாக வாங்க என்றுதான் கூப்பிடுவார். அக்காவுக்கு வெளியே கைரேகை வைத்தால் திறக்கும். மாமா ‘வா’ என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் அவர் அண்ணன்தான். அந்த ஒரு வார்த்தையை அவர் பெட்டிக்குப் பழக்கவே இல்லை. மறந்தாரா, வராத ஆளுக்கு எதற்கு என்று விட்டாரா தெரியாது. கேட்டால் இன்றைக்கும் மழுப்புவார்.

வெளியே முனீஸ்வரி அத்தை தட்டைக் கீழே வைக்கக் குனிவது கேமராவில் தெரிந்தது. “வாங்க, போயிருவோம்” என்றது அத்தை, புருஷனைப் பார்த்து. கதவுக்குத் தெரிந்த வார்த்தையைத்தான் சொன்னது. குரல்தான் வேறு.

“மாமா, வாங்கன்னு சொல்லித் தொலைங்க” என்று நான் கத்தினேன்.

அண்ணனைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னால், நீ எனக்கு வெளியாள் என்று முகத்தில் அடிப்பதற்குச் சமம். சொல்லாவிட்டால் கதவு திறக்காது. நான் மேலே குமிழைப் பார்த்தேன். அவர் என்னை முறைத்தார். பிறகு நாற்காலியை விறுவிறுவென்று உருட்டிக் கதவை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணன் நின்ற பக்கம் பார்க்காமல், பக்கத்துச் சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

“வாங்க.”

டக்கென்று பூட்டு விலகியது. கதவு திறந்தது. வாசலில் பேயாண்டி மாமா நின்றார். உள்ளே நாற்காலியில் தம்பி. இரண்டு பேருக்கும் நடுவில் நிலைப்படி.

பேயாண்டி மாமா உள்ளே வரவில்லை. முகம் கறுத்துப் போயிருந்தது. “என்னையவாடா வாங்கங்கிற?” என்றார்.

“அது கதவுக்குச் சொன்னதுண்ணே” என்றார் மாமா. “அதுக்கு அம்புட்டுத்தான் தெரியும். உனக்குச் சொன்னது அதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். கேட்டேல்ல? வாண்ணே.”

பேயாண்டி மாமா பெட்டியைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், தம்பியின் காலைப் பார்த்தார். “நீயாவா தொறந்த?” என்றார்.

“பின்ன, என் வீட்டுக் கதவ வேற எவன் தொறப்பான்?”

அவர் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தார். நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தம்பியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்தது மாமாவுக்குத் தெரிந்திருக்காது, அந்தக் காலில் உணர்ச்சி இல்லை. ஆனாலும் அழுதார். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம். அக்கா தட்டை எடுத்து வந்து உள்ளே வைத்து, பேயாண்டி மாமாவையும் அத்தையையும் நிற்கவைத்துப் பத்திரிகையை முறையாக வாங்கிக்கொண்டாள்.

ரொம்ப நேரம் சின்னச் சின்ன விஷயங்களாகவே பேசினார்கள். பவதாரிணிக்கு எடுத்த சேலையைப் பற்றி, மாப்பிள்ளை வீட்டைப் பற்றி, மண்டபத்தைப் பற்றி. மண்டபத்தில் வைஃபை எடுக்காது என்று மாமா அங்கேயும் ஆரம்பித்துவிட்டார். கடைசியில் பேயாண்டி மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். இன்னும் பத்திரிகை வைக்க வேண்டிய வீடுகள் இருந்தன.

“சரி, வாரேன்” என்றார்.

போறேன் என்று போனவர் வாரேன் என்றதும் அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் வாசல் வரைக்கும் போனார், எங்கள் ஊர் வழக்கப்படி அங்கே நின்று திரும்பி, மண்டபத்துக்கு நாற்காலி ஏற்றுவதற்குச் சாய்தளம் போடச் சொல்லிவிட்டதாகச் சொல்ல ஆரம்பித்தார். முடிப்பதற்குள் டக்கென்று கதவு பூட்டிக்கொண்டது.

“என்னடா இது?”

“வாரேன்னு சொன்னா பூட்டிக்கிரும்ணே.”

“தொறக்கச் சொல்லு.”

“தொறக்கணும்னா உன்னைய வச்சுக்கிட்டு மறுபடி வாங்கன்னு சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்” என்றார் மாமா. “நீ என்ன சொல்லிட்டுப் போன? வான்னு கூப்புட்டா வந்து சோறு திங்கிறேன்ன. தின்னுட்டுப் போ.”

எட்டித் திருகினால் திறக்கிற குமிழ் பேயாண்டி மாமாவின் தலைக்கு நேரேதான் இருந்தது. எனக்கு வாய் நமநமத்தது. மாமா முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டேன். உள்ளே கறிக்குழம்பு வாசம் வந்துகொண்டிருந்தது.

பேயாண்டி மாமா திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்தார். “சோறு இருக்கட்டும்டா. மொதல்ல அந்த வார்த்தைய உன் கதவுக்குச் சொல்லிக்குடு. நாளைக்கு நான் வந்தா எவளோ ஒருத்தி என்னையப் புரியலைன்னு சொல்லக்கூடாது” என்றார்.

மாமா போனை எடுத்து ஏதோ தட்டினார். “புதிய சொல்லைச் சொல்லவும்” என்றது பெட்டி.

“வாண்ணே.”

“இன்னொரு முறை சொல்லவும்.”

“வாண்ணே.”

“இன்னொரு முறை சொல்லவும்.”

மாமா பெட்டியை விட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். “வாண்ணே.”

“வந்துட்டேன்டா” என்றார் பேயாண்டி மாமா, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு.

“வேறு குரல் கலந்துவிட்டது. முதலிலிருந்து சொல்லவும்” என்றது பெட்டி.

மாமா முதலிலிருந்து சொன்னார்.